பின்னணியை யார் வரைவது? அமெரிக்கக் கார்ட்டூன் ஸ்டுடியோ பிறந்த கதை

கார்ட்டூன் ஸ்டுடியோ என்றதும் நமக்கு ஏதாவது ஒரு பாத்திரம்தான் நினைவுக்கு வரும். மிக்கி எலி, ஃபெலிக்ஸ் பூனை, கீரை தின்னும் பாப்பாய். யாரோ ஒருவர் வேடிக்கையாக ஒன்றை வரைந்தார், ஊரெல்லாம் சிரித்தது, அப்புறம் அதைச் சுற்றி ஒரு நிறுவனம் வளர்ந்தது என்று எண்ணிக்கொள்கிறோம். அப்படி வளர்ந்த ஸ்டுடியோக்களும் உண்டு. ஆனால் அமெரிக்காவில் 1914 வாக்கில் முதல் ஸ்டுடியோக்கள் தொடங்கியபோது நடந்த கதை வேறு. ஒரே மரத்தை, ஒரே சுவரை, ஒரே நாற்காலியை ஆயிரக்கணக்கான தடவை யார் திரும்பத் திரும்ப வரைவது? அலுப்பூட்டும் இந்தக் கேள்விக்கு வழி கண்டவர்களால்தான் ஸ்டுடியோ நடத்த முடிந்தது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். ஊமைப்படக் காலத்தில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 16 ஃப்ரேம்கள், அதாவது ஃபிலிம் சுருளிலுள்ள தனித்தனிப் படங்கள், ஓடும். அப்படியானால் ஒரு நிமிடத்துக்கு 960. ஐந்து நிமிடப் படத்துக்கு 4,800. ஒவ்வொரு ஓவியத்தையும் இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தி வைத்துப் படம் பிடித்தால் பாதி போதும். அப்போதும் 2,400 ஓவியங்கள் வேண்டும். ஒருவர் நாளொன்றுக்கு 40 வரைகிறார் என்று வைத்துக்கொண்டால்கூட, ஞாயிற்றுக்கிழமை லீவு இல்லாமல் 60 நாள். அதுவும் பாத்திரத்தை மட்டும் வரைந்தால் போதாது. அது நிற்கும் தெரு, பின்னால் இருக்கும் வீடு, வேலி எல்லாவற்றையும் ஒவ்வொரு தாளிலும் வரைய வேண்டும். பாத்திரம் ஒரு கையைத்தான் அசைக்கிறது என்றாலும் முழுத் தெருவும் மறுபடி வரையப்பட்டாக வேண்டும்.

இந்தப் பாட்டை உண்மையிலேயே பட்டவர் வின்சர் மெக்கே. நியூயார்க்கில் பத்திரிகை ஓவியராகப் பெரும்புகழ் பெற்றிருந்தவர். 1911-ல் தன் பத்திரிகைப் பாத்திரமான குட்டி நீமோவை வைத்து ஓர் அசையும் படம் எடுத்தார். அதற்குச் சுமார் 4,000 ஓவியங்கள். 1914-ல் அவர் கொண்டுவந்த கெர்ட்டி என்ற டைனோசர் இன்றைக்கும் பார்க்கச் சலிக்காது. மெக்கே மேடையில் கையில் சாட்டையோடு நின்றுகொண்டு கட்டளை போடுவார். திரையில் கெர்ட்டி அதற்கு ஏற்ப வணங்கும், அடம்பிடிக்கும், திட்டினால் அழும். அந்தப் படத்துக்குப் பத்தாயிரம் ஓவியங்கள் என்று விளம்பரம் செய்தார்கள். கெர்ட்டியை மெக்கே வரைந்தார். அதன் பின்னால் இருக்கும் ஏரிக்கரையையும் பாறைகளையும் மரத்தையும் ஜான் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் என்ற இளம் உதவியாளர் ஒவ்வொரு தாளிலும் அப்படியே படியெடுத்தார். ஒவ்வொரு தாளிலும்!

அந்தப் படத்தைப் பார்க்கும்போது டைனோசரை விட்டுவிட்டுக் கொஞ்சநேரம் பாறைகளைக் கவனியுங்கள். கோடுகள் லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும். கையால் எவ்வளவு கவனமாகப் படியெடுத்தாலும் இரண்டு தாள்கள் மயிரிழைகூடப் பிசகாமல் ஒத்துப்போகாது.

மெக்கேயிடம் திறமைக்குக் குறைவில்லை. என் கணக்கில் அடுத்த இருபது ஆண்டுகளில் அவருக்குப் பக்கத்தில் வந்தவர்கள் மிகச் சிலர். ஆனால் அவர் நடத்தியது ஸ்டுடியோ ஆகாது. சம்பளம் பத்திரிகையிலிருந்து வந்தது. ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து ஒரு படம் எடுக்க அவரால் முடிந்தது. தியேட்டர்காரர்களுக்கோ வாராவாரம் புதுப்படம் வேண்டும். அவர்களிடம் அடுத்த ஆண்டு வா என்று சொல்ல முடியாது.

பிரே வருகிறார்

ஜான் ராண்டால்ஃப் பிரே 1879-ல் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தவர். அவரும் பத்திரிகைக் கார்ட்டூனிஸ்ட்தான். புரூக்ளின் டெய்லி ஈகிள் நாளிதழில் வேலை பார்த்தார், நகைச்சுவை இதழ்களுக்குப் படக்கதை வரைந்தார். ஓவியராக மெக்கேயோடு அவரை ஒப்பிடவே முடியாது. ஆனால் வேலையை எப்படிப் பிரித்துக் கொடுப்பது, செலவை எங்கே குறைப்பது என்று யோசிக்கும் மூளை இருந்தது. அவர் மனைவி மார்கரெட் வியாபார விஷயங்களில் அவரைவிடக் கெட்டிக்காரர். பின்னாளில் ஸ்டுடியோ நிர்வாகத்தில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

1913-ல் பிரே எடுத்த முதல் படம் ஓர் ஓவியரின் கனவைப் பற்றியது. ஓவியர் ஒரு நாயை வரைந்துவிட்டு வெளியே போவார். அவர் முதுகைத் திருப்பியதும் நாய் உயிர்பெற்று சாசேஜைத் தின்னும். தின்று தின்று கடைசியில் வெடித்துவிடும். ஓவியராக நடித்தவரும் பிரேதான். பாத்தே நிறுவனம் படத்தை வாங்கி வெளியிட்டது, தொடர்ந்து படங்களும் கேட்டது. இங்கேதான் சிக்கல். ஒரு படம் எடுப்பது வேறு, தொடர்ந்து கொடுப்பதாக ஒப்புக்கொள்வது வேறு.

பிரே முதலில் கண்ட வழி, இப்போது பார்த்தால் சாதாரணமாகத்தான் தோன்றும். பின்னணிக் காட்சியை ஒரே ஒரு தடவை வரைந்து, அதை நூற்றுக்கணக்கான தாள்களில் அச்சடித்துவிட்டார். வீடும் மரமும் ஏற்கெனவே தாளில் இருக்கும். ஓவியர் பாத்திரத்தை மட்டும் வரைந்தால் போதும். பாத்திரத்தின் உடம்புக்குக் குறுக்கே பின்னணிக் கோடு வந்தால் அந்த இடத்தில் மட்டும் சுரண்டி எடுத்துவிடலாம். அச்சுக்கோடு எல்லாத் தாளிலும் ஒன்றுபோல இருப்பதால் மெக்கே படத்தின் நடுக்கமும் போயிற்று. பத்திரிகை ஆபீசில் அச்சு இயந்திரத்தின் பக்கத்திலேயே வாழ்ந்த மனிதருக்குத்தான் இது தோன்றும் என்று நினைக்கிறேன்.

அதோடு அவர் நிற்கவில்லை. 1914 ஜனவரியில் இந்த முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ஆகஸ்டில் கிடைத்தும் விட்டது. ஆப்பிரிக்க வேட்டைக்குப் போய்ப் புளுகித் தள்ளும் ஒரு குள்ளக் கர்னலை நாயகனாக்கிப் படங்களை வரிசையாக எடுக்க ஆரம்பித்தார். முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் ஆப்பிரிக்கப் பயணத்தைக் கிண்டல் செய்த பாத்திரம் அது. அமெரிக்காவில் தொடர்ந்து பல படங்களில் வந்த முதல் கார்ட்டூன் நாயகர்களில் இந்தக் கர்னலும் ஒருவர். 1914 முடிவதற்குள் பிரேயிடம் நியூயார்க்கில் ஆட்களும் மேசைகளும் கேமராவும் ஒப்பந்தமும் உள்ள ஒரு நிறுவனம் இருந்தது.

மெக்கேயின் ரசிகர்கள் இந்த இடத்தில் கோபப்படுவார்கள். பத்திரிகையாளர் என்று சொல்லிக்கொண்டு மெக்கேயைப் பார்க்க வந்த ஒருவர் அவருடைய முறைகளையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு போனார், அப்புறம் அவற்றுக்கே காப்புரிமை வாங்கப்பட்டது என்று ஒரு கதை அனிமேஷன் வரலாற்றில் நீண்டகாலமாகச் சொல்லப்படுகிறது. மெக்கே தன் முறைகளை யாரிடமும் மறைக்கவில்லை, எதற்கும் காப்புரிமை கேட்கவும் இல்லை. கலைஞர் என்ற முறையில் அது பெருந்தன்மை. தொழில் என்ற முறையில் கதவைத் திறந்துபோட்டுத் தூங்கிய மாதிரி.

பக்கத்திலேயே இன்னொரு ஸ்டுடியோ

முதல் ஸ்டுடியோ பிரேயுடையதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாதபடி ஒருவர் நடுவில் நிற்கிறார். கனடாவின் மான்ட்ரியலிலிருந்து வந்த ராவுல் பாரே. அவர் பில் நோலன் என்பவரோடு சேர்ந்து 1914 வாக்கில் நியூயார்க்கில் தன் ஸ்டுடியோவைத் தொடங்கினார். எடிசன் நிறுவனத்துக்குப் படங்கள் எடுத்துக்கொடுத்தார். முழுக்க அனிமேஷனுக்கென்றே நடந்த முதல் ஸ்டுடியோ என்ற பட்டத்தைச் சிலர் பாரேவுக்கும் சிலர் பிரேவுக்கும் கொடுக்கிறார்கள். ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒரே ஊரில் ஒரே சிக்கலோடு இருவர் மல்லுக்கட்டினார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பாரேவின் வழி வேறு. பின்னணியை ஒரு தாளில் வரைவார்; பாத்திரம் வரவேண்டிய இடத்தைக் கிழித்து எடுத்துவிடுவார். அந்த ஓட்டை வழியாக அடியில் உள்ள தாளில் வரைந்த பாத்திரம் தெரியும். அடித்தாளை மட்டும் மாற்றிக்கொண்டே போனால் பின்னணி அசையாது, பாத்திரம் அசையும். கையும் கத்தரிக்கோலும் இருந்தால் போதும். யாருக்கும் காப்புரிமைக் கட்டணம் கட்டத் தேவையில்லை.

பாரேவின் பெயர் சொல்லி நினைக்க வேண்டியது இன்னொன்று. எல்லாத் தாள்களிலும் ஒரே இடத்தில் துளையிட்டு, மேசையில் பதித்த சின்ன முளைகளில் அவற்றை மாட்டிவிடும் ஏற்பாடு. எந்தத் தாளை எடுத்து மறுபடி வைத்தாலும் அதே இடத்தில் போய் உட்காரும். மெக்கே தாளின் மூலைகளில் குறியிட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்; முளை வந்த பிறகு அந்தக் கவலை இல்லை. ஒருவர் வரைந்த தாளை இன்னொருவர் மேசைக்குக் கொண்டுபோய் மாட்டி வேலையைத் தொடரலாம் என்பதுதான் இதில் பெரிய லாபம். காகிதத்தில் வரையும் அனிமேட்டர்கள் இன்றும் துளையிட்ட தாளையும் முளையையும்தான் பயன்படுத்துகிறார்கள். நூறு ஆண்டுகளுக்கு மேல் மாறாத கருவி எந்தத் தொழிலிலும் அபூர்வம்.

நோலன் தன் பங்குக்குப் பின்னணியையே நீளமான தாளில் வரைந்து, பாத்திரத்துக்குப் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும் உத்தியைக் கொண்டுவந்தார். பாத்திரம் நின்ற இடத்திலேயே காலை ஆட்டினால் போதும், ஓடுவதுபோலத் தெரியும்.

கண்ணாடிபோல ஒரு தாள்

அச்சடித்த பின்னணி, கிழித்த தாள் இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டது எர்ல் ஹர்டின் யோசனை. அவரும் கார்ட்டூனிஸ்ட். பின்னணியை ஒரு கெட்டியான தாளில் ஒரே தடவை வரைந்து வைத்துவிட வேண்டியது. பாத்திரத்தை ஒளி ஊடுருவும் செல்லுலாய்டுத் தகட்டில் வரைந்து அதன் மேல் வைக்க வேண்டியது. தகடு வழியாகப் பின்னணி தெரியும். பாத்திரத்தின் உடம்புக்குள் பெயின்ட் பூசிவிட்டால் பின்னணிக் கோடுகள் மறைந்துவிடும். சுரண்டவும் வேண்டாம், கிழிக்கவும் வேண்டாம்.

இதில் இன்னொரு சௌகரியமும் இருக்கிறது. பாத்திரம் நின்றபடி கையை மட்டும் ஆட்டுகிறதா? உடம்பை ஒரு தகட்டில் ஒரே தடவை வரை. கையை மட்டும் வேறு தகடுகளில் வரைந்து மாற்றிக்கொண்டே போ. அசையாத எதையும் இரண்டாம் தடவை வரைய வேண்டியதில்லை. தொடக்கத்தில் போட்ட 2,400 கணக்கு இங்கே மளமளவென்று இறங்கிவிடுகிறது. தகடுகளுக்கு விலை அதிகம் என்பதால் படம் பிடித்து முடித்ததும் கழுவி மறுபடி வரைவார்கள். அந்தக் காலத்து அசல் தகடுகள் இன்று பார்க்கக் கிடைக்காமல் போனதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

ஹர்ட் 1914 டிசம்பரில் விண்ணப்பித்தார். 1915 ஜூனில் காப்புரிமை கிடைத்தது. பிரே அவரைப் போட்டியாளராக விட்டுவைக்காமல் தன்னோடு சேர்த்துக்கொண்டார். இருவர் காப்புரிமைகளையும் ஒன்றாக்கி பிரே-ஹர்ட் என்ற பெயரில் ஒரு கம்பெனி அமைந்தது. அந்தக் கம்பெனி படம் எடுக்கவில்லை. செல்லுலாய்டு முறையில் படமெடுக்கும் மற்றவர்களிடம் உரிமக் கட்டணம் வசூலித்தது. என் பார்வையில் பிரேயின் உண்மையான முதலீடு இதுதான். அவருடைய கர்னல் படங்களை இன்று ஆய்வாளர்களைத் தவிர யாரும் தேடிப் பார்ப்பதில்லை. ஆனால் அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அமெரிக்காவில் செல்லுலாய்டு முறையைத் தொட்டவர்கள் அவரைத் தாண்டிப் போக முடியவில்லை.

பால் டெர்ரி என்ற இளைஞர் அப்படி மாட்டிக்கொண்டவர்களில் ஒருவர். தனியாளாக ஒரு படத்தை வரைந்து முடித்து, 1915-ல் விற்கக் கொண்டுபோனார். ஒரு தயாரிப்பாளர் ஓர் அடி நீள ஃபிலிமுக்கு ஒரு டாலர் தருவதாகச் சொன்னாராம். வெற்று ஃபிலிமுக்கே அதைவிட அதிகம் ஆயிற்றே என்று டெர்ரி முறையிட்டதற்கு, நீ அதில் படம் வரைவதற்கு முன்னால் கொண்டுவந்திருந்தால் கூடுதலாகக் கொடுத்திருப்பேன் என்றாராம் அவர். டெர்ரியே பின்னாளில் சொன்ன கதை இது. அடி எவ்வளவு வலித்திருக்கும் என்று தெரிகிறது. எப்படியோ வேறொரு நிறுவனத்துக்கு விற்றார். அப்புறம் காப்புரிமையைக் காட்டி பிரே தரப்பு அவரை நெருக்கியது. 1916-ல் டெர்ரி பிரேயின் ஸ்டுடியோவிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

உள்ளே வேலை எப்படி நடந்தது

வீட்டுக்குச் சமைப்பவர் காய் நறுக்குவதிலிருந்து பரிமாறுவது வரை எல்லாம் தானே செய்வார். கல்யாணச் சமையலில் நறுக்க ஓர் ஆள், அடுப்புக்கு ஓர் ஆள், தலைமைச் சமையல்காரர் உப்புப் பார்க்க மட்டும் வருவார். மெக்கேயிலிருந்து பிரேவுக்கு வந்த மாற்றம் இந்த வகையானதுதான். முக்கியமான அசைவுகளை அனிமேட்டர் பென்சிலில் வரைவார். வேறொருவர் அதை மையில் படியெடுப்பார். இன்னொருவர் உள்ளே நிறம் பூசுவார். கறுப்பு, வெள்ளை, சாம்பல் அவ்வளவுதான். கடைசியில் மேலிருந்து கீழ்நோக்கிப் பொருத்திய கேமராவின் அடியில் ஒருவர் உட்கார்ந்து தகடுகளை வரிசையாக வைத்து ஒவ்வொரு ஃப்ரேமாகப் படம் பிடிப்பார். அனிமேட்டரின் கை, விலை உயர்ந்த கை. அது மரத்தை வரைந்துகொண்டிருக்கக் கூடாது என்பதுதான் இதன் தர்க்கம்.

ஒரு படம் முடிய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். வாரம் ஒரு படம் வேண்டுமென்றால் என்ன செய்வது? பிரே நான்கு குழுக்களை அமைத்தார். ஒவ்வொன்றும் ஒரு வார இடைவெளியில் வேலையைத் தொடங்கும். அதனால் வாராவாரம் ஏதாவது ஒரு குழுவின் படம் தயாராகிவிடும். ஒரு குழுவில் கர்னல், ஒன்றில் ஹர்டின் பாபி பம்ப்ஸ் என்ற சிறுவன், ஒன்றில் டெர்ரியின் கிழட்டு விவசாயி, இன்னொன்றில் நாட்டுநடப்பைக் கேலி செய்யும் துண்டுப் படங்கள். 1916 முதல் சில ஆண்டுகள் பாரமவுண்ட் நிறுவனம் வழியாகத் தியேட்டர்களுக்குப் போன வாராந்திரப் பல்சுவைத் தொகுப்பில் இவை ஒரு பகுதியாக இடம்பெற்றன. அமெரிக்கத் தொழிற்சாலைகளில் ஒவ்வோர் அசைவையும் கடிகாரம் வைத்து அளந்து வேலையைப் பிரித்துக்கொண்டிருந்த காலம் அது. ஃபோர்டு கார் ஆலையில் நடந்ததன் சின்ன வடிவம் ஓவியர்களின் மேசையிலும் நடந்தது.

நல்லதா கெட்டதா? இரண்டும்தான். கெர்ட்டியின் மூச்சில் வயிறு ஏறி இறங்குவது தெரியும். பிரே ஸ்டுடியோப் படங்களில் பாத்திரங்கள் பெரும்பாலும் பொம்மைபோல நின்று கையை ஆட்டும். ஹர்டின் பாபி பம்ப்ஸ் படங்கள் விதிவிலக்கு. தன் கண்டுபிடிப்பை நேரம் மிச்சம் பிடிக்க மட்டுமில்லாமல் பின்னணியைச் சாம்பல் நிறங்களில் அழகாகத் தீட்டவும் அவர் பயன்படுத்தினார். புதிதாகப் பார்க்கிறவர்கள் கர்னலை விட்டுவிட்டு பாபியிலிருந்து தொடங்கலாம்.

பாத்திரம் யாருக்குச் சொந்தம்?

வேலைச் சிக்கல் தீர்ந்ததும் அடுத்தது உரிமைச் சிக்கல். பத்திரிகை அதிபர் ஹர்ஸ்ட் 1915-ல் தன்னுடைய நாளிதழ்களின் படக்கதைப் பாத்திரங்களைத் திரைக்குக் கொண்டுவரத் தனி ஸ்டுடியோ தொடங்கினார். கூடுதல் சம்பளம் கொடுத்து பாரேவின் ஆட்களை அள்ளிக்கொண்டு போனார், நோலனும் போனார். 1918-ல் நஷ்டம் என்று ஒரேயடியாக மூடினார். பாரே மிஞ்சியதை வைத்துக்கொண்டு, பட் ஃபிஷர் என்பவருக்குச் சொந்தமான மட், ஜெஃப் என்ற நெட்டை குட்டை ஜோடியின் படங்களை எடுத்தார். வரைந்தது பாரேவின் ஸ்டுடியோ. பேர் வாங்கியது ஃபிஷர். சில ஆண்டுகளில் பாரே அதைவிட்டே விலகினார்.

பிரேயிடம் இருந்தவர்களோ தொழிலைக் கற்றுக்கொண்டு ஒவ்வொருவராக வெளியேறினார்கள். மேக்ஸ் ஃபிளைஷர் அவருடைய பழைய நாளிதழ் நண்பர். தம்பி டேவுக்குக் கோமாளி உடை மாட்டிப் படம் பிடித்து, அதை ஒவ்வொரு ஃப்ரேமாகக் கண்ணாடியின் அடியிலிருந்து ஒளியாகப் பாய்ச்சி மேலே படியெடுக்கும் ரோட்டோஸ்கோப் கருவியைச் செய்தவர். 1917-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அந்தப் பாடத்தை பிரேயிடம் கற்றாரோ என்னவோ. போர்க்காலத்தில் ராணுவப் பயிற்சிப் படங்கள் எடுத்துவிட்டு வந்து, கோமாளித் தொடரைத் தொடங்கி, 1921-ல் டேவோடு சேர்ந்து தனி ஸ்டுடியோ போட்டார். பெட்டி பூப், பாப்பாய் எல்லாம் பின்னால் அங்கிருந்து வந்தவை. டெர்ரியும் தனியே போய்விட்டார். 1920-களில் பிரேயிடம் வளர்ந்த வால்டர் லான்ட்ஸ் பிறகு கலிஃபோர்னியாவில் யுனிவர்சல் படநிறுவனத்துக்காக ஸ்டுடியோ நடத்தி மரங்கொத்தி உட்டியைக் கொண்டுவந்தார்.

வால்ட் டிஸ்னி இந்தக் கூட்டத்தில் பிந்தி வந்தவர். கேன்சஸ் சிட்டியில் 1922-ல் தொடங்கிய முதல் கம்பெனி அடுத்த ஆண்டே திவாலானது. கலிஃபோர்னியாவுக்குப் போய், அண்ணன் ராயோடு சேர்ந்து, சித்தப்பா ராபர்ட் கொடுத்த 500 டாலர் கடனும் சேர்த்துத் தொடங்கினார். மார்கரெட் விங்க்லர் என்ற விநியோகஸ்தர் ஒரு படத்துக்கு 1,500 டாலர் என்று 1923 அக்டோபர் 16-ல் ஒப்பந்தம் போட்டார். அந்த நாளைத்தான் இன்றும் டிஸ்னி நிறுவனம் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. வேலைப்பிரிவு, முளை, செல்லுலாய்டு எல்லாம் அவருக்கு முன்பே நியூயார்க்கில் தயாராக இருந்தன. அவர் பட்ட அடி உரிமையில்தான்: 1928-ல் ஆஸ்வால்ட் என்ற முயல் யுனிவர்சலுக்கே சொந்தம் என்று தெரிந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார், அனிமேட்டர்களில் பெரும்பாலோரும் எதிர்ப்பக்கம் போய்விட்டார்கள். அதற்குப் பின் வந்த எலியின் உரிமையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

பிரேவுக்குக் கார்ட்டூனில் ஆர்வம் குறைந்து, கல்விப் படங்கள் பக்கம் சாய்ந்தார். 1920-களின் இறுதியில் கேளிக்கை அனிமேஷனை நிறுத்திவிட்டார். 1932-ல் பிரே-ஹர்ட் காப்புரிமைகள் காலாவதியாயின. செல்லுலாய்டு முறை எல்லோருக்கும் பொதுவானது. டிஸ்னியின் முழுநீளப் படங்கள் 1989 வரை அந்த முறையில்தான் வந்தன. பிரே 1978-ல் தன் 99-ஆம் வயதில் காலமானார்.